பின் டயரின் உள்ஓரம் தேய்ந்தால்: டோவா, கேம்பரா?

பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று பட்டறையில் சொன்னால், சக்கரக் கோணங்களை அளந்து திருத்தும் அலைன்மென்ட் செய்துவிடலாம் என்ற பதிலே பெரும்பாலும் வரும். முன் சக்கரங்களை மட்டும் அளக்கும் அலைன்மென்டால் இதில் பயனில்லை. நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே டயரைக் கையால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

காற்றழுத்தத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். காற்று மிகுந்தால் நடுப்பகுதி தேயும். குறைந்தால் இரு ஓரங்களும் தேயும். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சந்தேகம் டோ, கேம்பர் ஆகிய இரு சக்கரக் கோணங்களின் மீதுதான்.

சக்கரத்தின் மேற்பகுதி அளவுக்கு மீறி உள்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் உள்ஓரம் தேயும். அதன் முன்பகுதி வெளிநோக்கித் திரும்பியிருந்தாலும் உள்ஓரமே தேயும். முன்னது கேம்பர் கோளாறு, பின்னது டோ கோளாறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், உள்ளங்கைக்கு அப்படியல்ல. டயரின் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போல் சுரசுரப்பாகவும் இருந்தால் அது டோ. இரு திசையிலும் வழுவழுப்பாக, உள்ஓரம் மட்டும் சரிவாக இறங்கியிருந்தால் கேம்பர்.

இவ்விரண்டில் டோதான் கொடியது என்பது என் கணிப்பு. சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தாலே, கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது டயர் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் பக்கவாட்டில் இழுபடும் கணக்காகிறது. மிதமான கேம்பர் மட்டும் இருந்தால் ரப்பர் அவ்வளவு வேகமாகப் போகாது; இரண்டும் சேர்ந்தால் உள்ஓரத்தில் கம்பி தெரியும் வரை வெளியில் நிற்பவருக்கு ஒன்றும் புலப்படாது.

கோளாறு எது என்று தெரிந்த பிறகும், அதைச் சரிசெய்யும் வழி காரின் அமைப்பைப் பொறுத்தது. ஸ்விஃப்ட், ஐ20 போன்ற கார்களின் பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உலோகக் குறுக்குத்தண்டான டார்ஷன் பீம் இருப்பதால் போல்ட்டைத் திருப்பிக் கோணத்தை மாற்ற இயலாது. ஒரு பக்கம் மட்டும் அளவு தவறியிருந்தால், சக்கரம் சாலைப் பள்ளத்தில் இறங்கியதில் பீமோ சக்கரத்தைத் தாங்கும் அச்சோ வளைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்றே தேட வேண்டும். ஒவ்வொரு பின் சக்கரத்தையும் தனித்தனியே பல தண்டுகள் தாங்கும் மல்டி லிங்க் அமைப்பில் டோவைத் திருத்தப் பெரும்பாலும் போல்ட் உண்டு. கேம்பருக்குப் பல கார்களில் இல்லை. அமெரிக்காவில் விற்ற 2006, 2007 சிவிக் கார்களில் பின் டயர்கள் விரைவாகத் தேய்ந்தபோது, ஹோண்டா பின் சக்கரங்களை மேலே தாங்கும் தண்டுகளான பின்புற மேல் ஆர்ம்களையே மாற்றித் தர வேண்டியதாயிற்று.

டயரைச் சுற்றித் திட்டுத்திட்டாகக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பார்க்கலாம். ஆயினும் முன் சக்கர இயக்கக் கார்களில் பின்பக்கம் எடை குறைவு என்பதால் டோ தவறினாலும் இத்தகைய திட்டுகள் விழும். அளந்து பார்க்காமல் ஷாக்கை மாற்றுவது வீண்செலவாகலாம்.

காரணம் தெரியும் வரை டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடக் கூடாது. முன்னால் போன டயரில் புதிய தேய்மானம் பழையதன் மேல் ஏறிவிட்டால், கையால் தடவிக் கண்டறியும் வாய்ப்பு போய்விடும்.