கல் உடைக்கும் பவுடர்: மலைநாட்டில் மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டியோ வீட்டுச் சுவரை ஒட்டியோ கிடக்கும் கருங்கல்லுக்கு வெடி வைக்க முடியாது. சத்தமும் அதிர்வும் இல்லாத இந்தப் பவுடர் அங்கேதான் தன் விலைக்கு வேலை செய்கிறது. ஆனால் துளையைப் பிழையாகப் போட்டால் கல் பிளக்காது.

உள்ளே இருப்பது பெரும்பாலும் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் சேர்ந்ததும் மெல்ல ஊதி, துளையின் சுவரை 30 மெகாபாஸ்கலுக்கு (அழுத்தத்தின் அலகு) மேற்பட்ட அழுத்தத்தில் தள்ளும். நல்ல கருங்கல்லை நசுக்க 100 மெகாபாஸ்கலாவது வேண்டும். ஆனால் இழுத்துப் பிரிக்க அதில் பத்திலொரு பங்கே போதும். அதனால் கல் நொறுங்காமல் துளைக்குத் துளை பிளந்துகொண்டு போகிறது. பிளந்த துண்டு நகர ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். நிலத்துக்குள் புதைந்த கல்லை முதலில் ஒரு பக்கம் தோண்டிவிடுங்கள்.

38 மில்லிமீட்டர் துளை, 30 சென்டிமீட்டர் இடைவெளி, கல்லின் உயரத்தில் 80 முதல் 90 வீதம் ஆழம். இங்குள்ள நைஸ் (gneiss) என்ற வரிப் பாறையில் கறுப்பு மைக்கா வரிகள் ஓடும். வரியோடு துளை போட்டால் 40 சென்டிமீட்டரிலும் பிளக்கும்; வரிக்குக் குறுக்கே என்றால் 25க்கு இறங்குங்கள். இதைப் பார்க்காமல் அடித்த வரிசைகளில் வெடிப்பு பாதியில் வரிப்பக்கம் திரும்பிவிடும். துளையில் தூசி தங்கக் கூடாது, கொம்பிரசர் காற்றால் ஊதுங்கள். பழைய வெடிப்புள்ள கல்லில் கலவை ஒழுகிவிடும். நீளமான பொலித்தீன் பையைத் துளைக்குள் இறக்கி அதில் ஊற்றலாம்.

5 கிலோவுக்கு 1.5 லீற்றர் தண்ணீர். 38 மில்லிமீட்டரில் ஒரு மீற்றர் ஆழத் துளை ஏறக்குறைய இரண்டரைக்கு வரும். கலக்கிப் பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்காவிட்டால் வாளியிலேயே இறுகும்.

பெரிய குறை குளிர். வெப்பநிலைக்கு ஏற்ப வகை வகையாக வருகிறது. கடையில் தருவது பெரும்பாலும் கீழ்நாட்டுச் சூட்டுக்கானது. நுவரெலியா இரவில் அது இரண்டு நாள் அசையாமல் கிடக்கும். அவசரப்பட்டுச் சுடுநீரில் கலக்க வேண்டாம். அப்படிச் செய்தாலோ, துளை 50 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ கலவை துப்பாக்கிபோல் மேலே பீறிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டாலும் ஊற்றிய துளைக்கு மேல் குனிந்து பார்க்கக் கூடாது.

திறந்த பையை மிச்சம் வைப்பதும் வீண். மூடுபனி ஈரத்தில் ஒரு கிழமைக்குள் செத்துப்போகும். துளைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.