மேட்டூர்ப் பக்கம் ஒரு தூண்டில் கடை: சரக்கு நல்லது, பெயர்தான் குழப்பம்

தூண்டில் நரம்பு, தக்கை, முள் எல்லாமே தரம், விலையும் நியாயம். ஆனால் "கெண்டைக்கு முள் கொடுங்கண்ணா" என்றதும் கடைக்காரர் கட்லா என்கிற பெரிய கெண்டைக்குப் போடுகிற பெரிய முள்ளைக் கட்டிக் கொடுத்துவிட்டார், நான் நினைத்ததோ ஜிலேபிக் கெண்டை, அதற்கு வாய் சின்னது, மண்புழுவை ஓரமாகக் கொத்திக் கொத்தியே தின்றுவிட்டுப் போய்விட்டது. பெயரில்தான் கெண்டை, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா, கெண்டைக் குடும்பமே கிடையாது.

மறுநாள் சொன்னதும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார், அது பிடித்தது. அப்புறம் அங்கே குறவை என்கிற வேறு மீனையும் விரால் குட்டி என்றே சொல்கிறார்கள், தென்னமெரிக்காவின் 'பாக்கு' (pacu) மீன் அவர்களுக்கு 'ஏரி வவ்வால்', கடல் வவ்வாலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சரி, போகிறவர்கள் மீன் பெயரைச் சொல்லாதீர்கள், போனில் படத்தைக் காட்டுங்கள்.