தி ஓடின் புராஜெக்ட்: வேலை பார்த்துக்கொண்டே படித்தவனின் மதிப்புரை

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வேலையை விடாமலேயே இணையதள உருவாக்கம் கற்றுக்கொண்டு, சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஃபிரண்ட் எண்ட் டெவலப்பராக (தளத்தில் பயனர் காணும் பகுதியை எழுதுபவராக) சேர்ந்தேன். எங்கே படித்தாய் என்று கேட்கும் நண்பர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். அது 'தி ஓடின் புராஜெக்ட்' என்னும் இலவசப் பாடத்திட்டம். எரிக் ட்ரௌட்மேன் 2013-ல் தொடங்கிய இத்திட்டத்தை இன்று தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரிக்கிறார்கள். பாடங்கள் அனைத்தும், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன. பிழை கண்டால் யாரும் திருத்தம் அனுப்பலாம். 'ஃபவுண்டேஷன்ஸ்' என்ற அடிப்படைப் பகுதியை முடித்தபின் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் வழியையோ, ரூபி என்ற மொழியைச் சார்ந்த ரூபி ஆன் ரெயில்ஸ் வழியையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரவு இரண்டு மணி நேரம் என்ற கணக்கில் ஃபவுண்டேஷன்ஸை முடிக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. ஜாவாஸ்கிரிப்ட் வழியில் பாதியைக் கடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

இதற்கு முன் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 45,000 ரூபாய் கட்டி மூன்று மாதங்கள் படித்தேன். ஆசிரியர் திரையில் தட்டச்சு செய்வார். நாங்கள் முப்பது பேரும் அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வோம். மாலைக்குள் ஒரு கடையின் முகப்புப் பக்கமோ உள்நுழைவுப் படிவமோ எல்லோர் திரையிலும் ஒரே மாதிரி தெரியும். சான்றிதழ் வாங்கிய வாரத்தில், என் அக்காவின் தையல் கடைக்கு ஒரு பக்கம் செய்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். காலிக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியாக எதை எழுதுவது என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். மூன்று மாதங்களில் நான் பழகியது தட்டச்சு மட்டுமே என்பது அன்று புரிந்தது. அந்த இரவின் வருத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஓடினை நான் மதிப்பதற்குக் காரணமும் அதுதான்; அது முதல் மாதத்திலேயே காலிக் கோப்பின் முன் நம்மை உட்கார வைத்துவிடுகிறது.

பாடம் நடத்தப்படும் முறை எளியது. ஒவ்வொரு பாடமும் ஒரு சிறு விளக்கத்துடன் தொடங்கும். பிறகு இணையத் தொழில்நுட்பக் கையேடான எம்டிஎன் போன்ற ஆவணங்களுக்கும் வெளிக் கட்டுரைகளுக்கும் இணைப்பு தந்து, இன்ன பகுதியைப் படித்துவிட்டு வா என்று அனுப்பும். சில பாடங்களுக்குப் பிறகு ஒரு செயல்திட்டம் வரும். அதில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் பத்துப் பதினைந்து வரிகளில் இருக்கும். எப்படிச் செய்வது என்பது இருக்காது. முடித்தவர்கள் தங்கள் இணைப்பைப் பதிவு செய்யலாம், மற்றவர்கள் செய்ததையும் பார்க்கலாம். முடிக்கும்வரை பிறர் நிரலைப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். இதே பாதையில் வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

தொடக்கத்திலேயே ஒரு மேடு உண்டு. ஓடின் விண்டோஸை நேரடியாக ஏற்பதில்லை. மேக்கோ லினக்ஸோ வேண்டும், அல்லது விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி வழியாக லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டும். என்னிடம் இருந்தது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓடும் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததால், கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அப்போது சலிப்பாக இருந்தாலும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைக் கண்டு பயப்படாத கை அந்த நாளில்தான் வந்தது. இப்போது அலுவலகத்தில் சர்வரில் ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் நான் தயங்குவதில்லை.

முதல் செயல்திட்டம் சமையல் குறிப்புகளின் தொகுப்பு. வண்ணமோ அலங்காரமோ இல்லாமல் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லில் மட்டுமே எழுத வேண்டும். அம்மாவிடம் கேட்டு அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், ஒப்புட்டு மூன்றையும் எழுதினேன். தேவையான பொருள்களுக்கு வரிசை எண் இல்லாத பட்டியல், செய்முறைக்கு எண் போட்ட பட்டியல் என்று பிரிக்கும்போதுதான், எச்டிஎம்எல்லின் குறிச்சொல் (டேக்) என்பது பொருளைச் சுட்டுவதற்கே இருக்கிறது, தோற்றத்திற்காக அன்று என்பது மனத்தில் பதிந்தது. உள்ளடக்கம் தமிழில் இருந்ததால், பக்கத்தின் மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் தேடித் தெரிந்துகொண்டேன். திரை வாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு அந்த ஓர் அமைப்பு எவ்வளவு முக்கியம் என்று படித்தபின், எந்தப் பக்கத்திலும் அதை விட்டதில்லை.

நான் அதிகம் கற்ற இடம் 'எட்ச் எ ஸ்கெட்ச்' என்ற செயல்திட்டம். 16-க்கு 16 என்று 256 சிறு சதுரங்களை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு உருவாக்கி, சுட்டி எந்தச் சதுரத்தின் மேல் போகிறதோ அதன் நிறம் மாறும்படி செய்ய வேண்டும். அடுக்குவதற்கு, பெட்டிகளை வரிசைப்படுத்தும் முறையான ஃபிளெக்ஸ்பாக்ஸைப் பயன்படுத்த வேண்டும். மொத்த அகலத்தை 960 பிக்சலாக வைத்து, 16-ஆல் வகுத்து, சதுரம் ஒன்றுக்கு 60 பிக்சல் என்று கொடுத்தேன். கோடு தெரியட்டும் என்று ஒரு பிக்சல் பார்டரும் (ஓரக்கோடும்) போட்டேன். பிரவுசரில் திறந்தால் ஒரு வரிசையில் 15 சதுரங்கள்தான் நின்றன. 17 வரிசைகள் நிறைந்து, 18-ஆம் வரிசையின் தொடக்கத்தில் ஒரே ஒரு சதுரம் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு ஜாவாஸ்கிரிப்டில்தான் தவறு என்று நினைத்து, சதுரங்களை உருவாக்கும் சுழற்சியின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மறுநாள் மதிய உணவு இடைவேளையில், அலுவலகக் கணக்குப் பேரேடு சரியாக வராதபோது செய்வதைப் போல, ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிப் பார்த்தேன். சதுரத்தின் உள்ளடக்கம் 60, இடப்பக்கப் பார்டர் 1, வலப்பக்கப் பார்டர் 1, ஆக 62. அதை 16-ஆல் பெருக்கினால் 992 வருகிறது, பெட்டியோ 960. பதினாறாவது சதுரத்துக்கு இடமில்லை, அதனால் கீழே இறங்கிவிட்டது. அகலம் என்று நாம் கொடுக்கும் எண் இயல்பாக உள்ளடக்கத்துக்கு மட்டுமே உரியது, பார்டரும் பேடிங்கும் (உள் இடைவெளியும்) அதன் மேல் கூடும் என்பதைச் சில மாதங்களுக்கு முன்பே பாக்ஸ் மாடல் பாடத்தில் படித்திருந்தேன். குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். பார்டர் அளவை மாற்றிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் செயல்திட்டக் குறிப்பிலேயே ஒரு வரியாக இருந்தது. படித்ததும் எழுதியதும் போதவில்லை, அந்த ஒற்றைச் சதுரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கொடுத்த அகலத்துக்குள்ளேயே பார்டரும் அடங்கும்படி, பாக்ஸ் சைசிங்கைப் பார்டர் பாக்ஸ் என்று மாற்றிய ஒரு வரியில் 256 சதுரங்களும் தத்தம் இடத்தில் போய் நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை, வருடாந்திரக் கணக்கு ஒரு பைசா பிசகாமல் பொருந்தும் நாளின் மகிழ்ச்சியோடுதான் ஒப்பிட முடியும்.

அதே செயல்திட்டத்தில், பயனர் கேட்கும் எண்ணுக்கு ஏற்பக் கட்டத்தை மாற்றி, 100-க்கு 100 வரை போக வழி செய்ய வேண்டும். அப்போது சதுரங்கள் 10,000 ஆகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, சுட்டி வருகிறதா என்று பார்க்கும் ஒரு நிகழ்வுக் கவனிப்பை வைத்திருந்தேன். என் பழைய கணினி தடுமாறியது. சதுரங்களை எல்லாம் அடக்கிய தாய்ப் பெட்டிக்கு ஒன்றே ஒன்று வைத்து, எந்தச் சதுரத்திலிருந்து நிகழ்வு மேலே வந்தது என்று கேட்டுக்கொள்வதே போதும் என்று பிறகு தெரிந்தது. இன்று அலுவலகத்தில் நீண்ட அட்டவணைகளை எழுதும்போது நான் அன்றாடம் பயன்படுத்துவது இந்த உத்தியைத்தான்.

கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டை இருமுறை செய்ய வைப்பதும் நல்ல ஏற்பாடு. முதலில் எழுத்துகளை மட்டும் காட்டும் பிரவுசர் கன்சோலில் மட்டும் ஓடும்படி எழுத வேண்டும். பல பாடங்கள் தாண்டியபின் அதே நிரலுக்குத் திரும்பி, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் தனிக் கிளை ஒன்றைப் பிரித்து, பொத்தான்களும் மதிப்பெண் பலகையும் சேர்க்க வேண்டும். நானே எழுதிய நிரல் எனக்கே விளங்காமல் நின்ற அந்த மாலைக்குப் பிறகுதான், மாறிகளுக்குப் பொருள் விளங்கும் பெயர் வைக்கும் வழக்கமும், ஒரு கமிட்டுக்கு (ஒருமுறை சேமிக்கும் பதிவுக்கு) ஒரு மாற்றம் என்ற ஒழுங்கும் எனக்கு வந்தன.

ஃபவுண்டேஷன்ஸின் கடைசிச் செயல்திட்டம் கால்குலேட்டர். எழுத்துத் தொடரைக் கணக்காக மாற்றித் தரும் ஈவல் என்ற குறுக்குவழியைப் பயன்படுத்தக் கூடாது. 12 + 7 - 1 என்று அழுத்தினால், கழித்தலை அழுத்தியவுடன் 19 தெரிந்து, பிறகு 18 வர வேண்டும். தசமப் புள்ளியை ஒரே எண்ணில் இருமுறை அழுத்த விடக் கூடாது. சமக்குறியை அழுத்திய பின் வரும் இலக்கம் பழைய விடையோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. நாள்தோறும் கையில் வைத்திருந்த கருவிக்குள் இத்தனை முடிவுகள் இருக்கின்றன என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டியபோது 0.30000000000000004 என்று திரையில் வந்தது. என் நிரல்தான் தவறு என்று இரண்டு நாள் தேடினேன். பத்து அடிமான முறையில் மூன்றில் ஒன்றை எப்படி முடிவாக எழுத முடியாதோ, அப்படியே இரண்டு அடிமான முறையில் பத்தில் ஒன்றை முடிவாக எழுத முடியாது. எனவே கணினி வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட ஒரு மதிப்பைத்தான். கணக்குப் பிரிவிலிருந்து வந்தவன் என்பதால் இது எனக்கு உறைத்தது. பணத் தொகையை ரூபாய் தசமத்தில் வைக்காமல் பைசா முழு எண்ணாக வைக்க வேண்டும் என்பதை அன்றே முடிவு செய்தேன்.

நேர்முகத் தேர்வில் இது நேராகப் பயன்பட்டது. என்னிடம் பொறியியல் பட்டம் இல்லை, பி.காம். தான். தேர்வாளர் என் கிட்ஹப் பக்கத்தைத் திறந்து, கால்குலேட்டரின் கமிட் வரிசையைப் பார்த்துவிட்டு, ஏன் ஓரிடத்தில் எண்ணை ரவுண்ட் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். பிறகு காலிக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, விலைப்பட்டியல் பக்கம் ஒன்றை அரை மணி நேரத்தில் எழுதச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்த அதே ஆள், அன்று கை நடுங்காமல் முதல் வரியை எழுதினேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது மொழி. பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் நீண்ட கட்டுரைகளாக இருக்கின்றன. தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு முடித்த எனக்கு, முதல் மாதம் ஒரு பாடத்தைப் படிக்க மூன்று இரவுகள் பிடித்தன. வெளி இணைப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. சில கட்டுரைகள் தொடக்க நிலையினருக்குக் கடினமானவை. இரண்டாவது, சான்றிதழ் கிடையாது. விண்ணப்பத்தை முதலில் வடிகட்டும் இடத்தில் சான்றிதழ் கேட்கும் நிறுவனங்கள் உண்டு என்பதால், இது சிலருக்கு உண்மையான இழப்பு. மூன்றாவது, நம் நிரலை எடுத்துப் படித்துத் திருத்தித் தரும் ஆசிரியர் எவரும் இல்லை. டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் கேட்டால் உதவுகிறார்கள் என்றாலும், சரியாக ஓடுகிற ஆனால் மோசமாக எழுதப்பட்ட நிரலை யாரும் தாமாக வந்து சுட்டிக்காட்ட மாட்டார்கள். என் பழைய நிரலில் இருந்த அத்தகைய குறைகள் வேலைக்குச் சேர்ந்து, மூத்தவர்கள் பார்த்த பிறகுதான் தெரியவந்தன.

லினக்ஸ் நிறுவும் வசதி இல்லாதவர்களும், இதற்கு முன் ஒரு வரிகூட எழுதிப் பார்க்காதவர்களும் ஃப்ரீகோடுகேம்ப் என்ற இலவசப் பயிற்சித் தளத்தில் முதல் இரண்டு மூன்று வாரங்களைக் கழிக்கலாம். அங்கே எதையும் நிறுவாமல் பிரவுசருக்குள்ளேயே, ஒரு நேரத்தில் ஒரு சிறு படி என்று எழுதி, சரியா தவறா என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். சான்றிதழும் இலவசமாகக் கிடைக்கும். கை பழகியதும் ஓடினுக்கு வந்துவிடுவது நல்லது. இன்னொன்றையும் மனமாரச் சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் எட்ச் எ ஸ்கெட்ச் முழுவதையும் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடும். பயிற்சிக் காலத்தில் அதைக் கேட்காதீர்கள். நான் கேட்டிருந்தால் அந்த 18-ஆம் வரிசைச் சதுரம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஓடினின் பாடங்கள், வணிக நோக்கமின்றி மூலத்தைக் குறிப்பிட்டு மாற்றி எழுத அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. அதனால் இப்போது தொடங்கியிருக்கும் என் சித்தப்பா மகளுக்காக ஃபவுண்டேஷன்ஸ் பாடங்களைத் தமிழில் குறிப்புகளாக எழுதி வருகிறேன். பாக்ஸ் மாடல் முடிந்துவிட்டது. ஃபிளெக்ஸ்பாக்ஸில் முதன்மை அச்சு (பெட்டிகள் அடுக்கப்படும் திசை), குறுக்கு அச்சு (அதற்குக் குறுக்கான திசை) என்று எழுதியதைப் படித்துவிட்டு, "எது எப்போண்ணா மாறும்?" என்று கேட்டாள். அடுக்கும் திசையை மேலிருந்து கீழாக மாற்றினால் இரண்டும் இடம் மாறும் என்பதற்கு ஒரு படம் வரைய வேண்டும். இந்த வாரம் அந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது.