வால்வு ஆம்பா, இலகு ஹெட்டா, டிஐ பெட்டியா: பேஸ் கிட்டார் வாசிப்பவர் முதலில் வாங்க வேண்டியது எது?

நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் மிகத் தடித்த ஈ கம்பியை ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் மீட்டினால், அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸின் பி கம்பியோ 31 முறைதான் அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காற்றில் எழுப்ப ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நிறையக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. லீட் கிட்டார் வாசிப்பவர் 20 வாட் வால்வு ஆம்பை (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) வைத்துக்கொண்டு டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும் அதே மேடையில், நமக்கு 300 வாட்டும் சில நேரம் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே எந்த ஆம்பை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், நம் ஒலி கேட்பவரின் காதுக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்று கேட்டாக வேண்டும். மேடையில் நமக்குப் பின்னால் நிற்கும் கேபினட்டிலிருந்தே, அதாவது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்தே, அது போகிறதா, அல்லது மிக்ஸர் வழியாக அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து போகிறதா? மெல்லிசை மேடைகளிலும் தேவாலயங்களிலும் வாசிக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு விடை இரண்டாவதுதான். இந்த அலசல் முழுவதும் அந்த விடையை ஒட்டியே எழுதப்பட்டது.

வால்வு ஆம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கருவிகளும் இன்றுவரை அதன் ஒலியைத்தான் உரைகல்லாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969-இல் எஸ்விடி என்ற ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) கொண்டுவந்தது. அன்றைக்கு வியப்பூட்டும் அளவான 300 வாட் ஆற்றல் அதற்கு இருந்தது. அதே ஆண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதைப் பயன்படுத்தியபின் ராக் இசையின் பேஸ் ஒலி என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட கேபினட் அதன் துணை. ஒலியை ஏற்ற ஏற்ற, வெளியீட்டு வால்வுகள் சுரத்தின் கூர்மையான முன்பகுதியை மெல்ல அமுக்கி, மேற்சுரங்களை (அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் அலைவரிசைகளை) தாமே சேர்க்கின்றன. அழுத்தி மீட்டினால் உறுமலும், தளர்த்தி மீட்டினால் தெளிவும் கிடைக்கின்றன. விரலுக்கும் ஆம்புக்கும் இடையே நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தையை ஒருமுறை அனுபவித்தவர் எளிதில் மறப்பதில்லை.

ஆனால் ஓர் உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் புகழ்பெற்ற எட்டு ஸ்பீக்கர் கேபினட்டின் தொழில்நுட்பக் குறிப்பைப் பார்த்தால், 58 ஹெர்ட்ஸிலேயே (நொடிக்கு 58 அதிர்வுகள்) அதன் ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது; 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. அதாவது, நாம் ‘அடி அதிரும் பேஸ்’ என்று வியக்கிற ஒலியில் அடிச்சுரத்தின் பங்கு குறைவு. அதற்கு மேலே 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியும் மேற்சுரங்களுமே அந்த உணர்வைத் தருகின்றன. மேற்சுரங்கள் தெளிவாக இருந்தால் இல்லாத அடிச்சுரத்தையும் நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. கைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில்கூடப் பேஸின் ஓட்டம் காதில் விழுவது இதனால்தான். பேஸ் குமிழைத் திருகித் திருகி ஏற்றுவது பெரும்பாலும் வீண் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எஸ்விடி கிளாசிக் ஹெட்டின் எடை ஏறத்தாழ 36 கிலோ. கேபினட் 63 கிலோவுக்கும் மேல். இரண்டு பேர் இல்லாமல் அதை மாடிப்படியில் ஏற்ற முடியாது. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை இயக்கினால் அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகக்கூடும். வால்வுகள் தேயும், மாற்ற வேண்டிவரும். மாற்றியபின் பயஸ், அதாவது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு, சரிபார்க்கத் தெரிந்தவர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பழைய ஆம்பைக் கொண்டுவருகிறவர்கள், அது 120 வோல்ட்டுக்கானதா, நம் 230 வோல்ட்டுக்கு மாற்றத்தக்கதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளுக்கு ஊர் ஊராகச் செல்பவருக்கு இத்தனையும் பெருஞ்சுமை. சொந்த ஒலிப்பதிவுக்கூடமோ நிரந்தரமான பயிற்சி அறையோ உள்ளவருக்கு மட்டுமே நான் வால்வு ஆம்பைப் பரிந்துரைப்பேன். அவருக்கு மனமாரப் பரிந்துரைப்பேன்.

எடை குறைந்த ஹெட்கள் இந்தச் சுமையை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிட்டன. இவற்றில் பெரும்பாலானவை இன்று கிளாஸ் டி முறையில் இயங்குகின்றன: வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை முழுவதும் திறந்தும் முழுவதும் மூடியும் இயங்குவதால், மின்சாரம் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. கனத்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் பெரிய வெப்பத் தகடுகளுக்கும் அங்கே வேலையில்லை. நியூயார்க்கின் அகிலார் நிறுவனத்துடைய டோன் ஹேமர் 500 இரண்டு கிலோகூட இல்லை. கிட்டார் உறையின் பக்கப் பையிலேயே அதை வைத்துக்கொள்ளலாம். இத்தாலியின் மார்க்பேஸ் தயாரித்த லிட்டில் மார்க் 3 ஏறத்தாழ மூன்று கிலோ. இரண்டுமே 4 ஓம் சுமையில் (ஓம் என்பது கேபினட்டின் மின்தடை அளவு) 500 வாட் தருகின்றன. தாளில் பார்த்தால் இரட்டையர்போலத் தெரியும் இவ்விரண்டும் காதில் வெவ்வேறு குணம் கொண்டவை.

டோன் ஹேமரில் டிரைவ் என்றொரு குமிழ் இருக்கிறது. அதை ஏற்றும்போது ஒலி தடித்து, மேல்முனை மழுங்கி, பழைய ஆம்பின் சாயலை நோக்கி நகர்கிறது. நடு அலைவரிசையை 180 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் குறிவைத்து ஏற்றவோ இறக்கவோ முடிகிறது. மேடை முழங்கும்போது, நடுக்குமிழைச் சற்று இறக்கி வைத்துக்கொண்டு அலைவரிசைக் குமிழை மெல்ல நகர்த்தினால், முழங்கும் சுரம் சட்டென்று அடங்குகிற இடம் கைக்குத் தட்டுப்படும். லிட்டில் மார்க் அப்படியன்று. நான்கு நிலையான அலைவரிசைக் குமிழ்களுடன் இரண்டு வடிகட்டிகள் அதில் உண்டு. ஒன்று 380 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் குழிவாக்கி ஸ்லாப் வாசிப்புக்கு (கட்டைவிரலால் கம்பியை அடித்தும் சுண்டியும் வாசிப்பது) உகந்த பளபளப்பைத் தருகிறது. மற்றொன்று மேல் அலைவரிசைகளைப் படிப்படியாகக் குறைத்துப் பழைய ஸ்பீக்கரின் இதத்தைத் தருகிறது. எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் கையில் உள்ள பேஸின் இயல்பான ஒலியை அது அதிகம் மாற்றாமல் தருகிறது. நல்ல மரமும் நல்ல பிக்கப்பும் உள்ள பேஸை வைத்திருப்பவர் லிட்டில் மார்க்கையும், எளிய பேஸுக்குக் கொஞ்சம் சதைப்பற்று வேண்டுபவர் டோன் ஹேமரையும் தேர்ந்தெடுப்பது சரியாக இருக்கும். பலவகைப் பாடல்களும் மாறி மாறி வரும் மேடைக்கு என் தேர்வு டோன் ஹேமர், அந்த நடுக்குமிழ் ஒன்றுக்காகவே.

வாட் கணக்கைப் பற்றி இரண்டு சொற்கள். 8 ஓம் கேபினட் ஒன்றை மட்டும் இணைத்தால் டோன் ஹேமர் 250 வாட்தான் தரும். லிட்டில் மார்க் 300 வாட் தரும். அதேபோன்ற இன்னொரு 8 ஓம் கேபினட்டைச் சேர்த்தால் சுமை 4 ஓமாகி, முழு 500 வாட்டும் கிடைக்கும். ஆனால் ஆற்றல் இரட்டிப்பானால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அதைவிடப் பெரிய வேறுபாட்டைக் கேபினட்டின் தரம் உண்டாக்கும். பெட்டியின் சிறிய அளவு, தாழ்ந்த ஒலி, குறைந்த ஆற்றலில் மிகுந்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எந்தக் கேபினட்டும் ஒருசேரத் தர முடியும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் ஹாஃப்மன் விதி என்று அழைக்கும் இயற்பியல் உண்மை. ஆகவே 900 வாட் ஹெட்டை வாங்கி மலிவான சின்னப் பெட்டியில் இணைப்பதைவிட, 500 வாட் ஹெட்டும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள தரமான கேபினட் ஒன்றும் எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழியில் ஆம்பே கிடையாது. பேஸிலிருந்து ஒரு ப்ரீஆம்ப் பெடலுக்கும் (ஒலியை ஏற்றி வடிவமைக்கும் சிறு கால்பெட்டி), அதன் டிஐ வெளியீட்டிலிருந்து (பேஸின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றவாறு அனுப்பும் இணைப்பு) நேராக மிக்ஸருக்கும் போய்விடலாம். இதைத் தாழ்ந்த வழி என்று எண்ணுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: டெட்ராய்டின் மோட்டவுன் இசை நிறுவனத்து ஒலிப்பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் பெரும்பாலும் ஆம்பின் துணையின்றி நேரடியாகத்தான் பதிவாயிற்று. இன்றும் பேஸ் கற்றுக்கொள்வோர் பலர் அந்த ஒலியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ இந்த வகையில் மூத்தது. அதில் உள்ள பிளெண்ட் குமிழ்தான் அதன் உயிர். அதை முழுவதும் இடப்பக்கம் திருப்பினால் பேஸின் சுத்த ஒலி. முழுவதும் வலப்பக்கம் திருப்பினால் வால்வு ஆம்பைப் போன்ற ஒலி. பாதிக்குச் சற்று மேலே வைத்து டிரைவைக் கால் பங்கு ஏற்றினால், கீபோர்டின் இடக்கையும் தபலாவின் பாயாவும் டிரம்ஸின் கிக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் நம் மேடைகளிலும் பேஸின் சுரங்கள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன.

டிஐ என்பது வெறும் இணைப்பு வசதி என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு சிற்றூரின் திருவிழா மேடையில், அலங்கார விளக்குகள் எரியத் தொடங்கியதும் என் லைனில் மட்டும் இடைவிடாத இரைச்சல் எழுந்தது. கேபிளை மாற்றினோம், பேஸை மாற்றினோம், ஒன்றும் பலிக்கவில்லை. மேடைக்கும் மிக்ஸருக்கும் வெவ்வேறு இடங்களில் மின்னிணைப்பு கொடுத்திருந்ததால் எர்த் வளையம் (இரு எர்த் இணைப்புகளுக்கிடையே மின்னோட்டம் சுற்றி இரைச்சல் எழுப்பும் வழி) உண்டாகியிருந்தது. ஒலியமைப்பாளர் என் காலடியில் குனிந்து டிஐ பெட்டியின் பக்கத்தில் இருந்த, அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை நகத்தால் தள்ளினார். இரைச்சல் அறவே நின்றது. அன்றிலிருந்து கிரவுண்ட் லிஃப்ட் இல்லாத எந்த டிஐ கருவியையும் நான் வாங்குவதில்லை. வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் சமநிலைக் கேபிளும் அந்தச் சின்னப் பொத்தானும் தருகிற பாதுகாப்பை எந்த விலையுயர்ந்த ஹெட்டும் தராது, அந்த ஹெட்டிலேயே அவை இருந்தாலொழிய.

இவ்வழியின் குறை, நம்மை நாமே கேட்பதற்கு மேடை மானிட்டரை நம்பியிருக்க வேண்டும் என்பது. மானிட்டரில் பாடகரின் குரல் மட்டுமே ஓங்கி ஒலிக்கும் நாள்களில் சுருதியை விரல் நினைவில்தான் பிடிக்க வேண்டும். காதில் அணியும் மானிட்டர் இருந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் எச்சரிக்கை ஒன்று உண்டு. குறைந்த சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணர்கிறது. இதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். வீட்டில் இரவு நேரத்தில் மெதுவாக வைத்து, பேஸ் குமிழை ஏற்றி, இனிமையாக அமைத்த ஒலி, மேடையின் சத்தத்தில் சேறுபோல ஆகிவிடுவது இதனால்தான். ஒலியை மேடையின் சத்தத்தில்தான் அமைக்க வேண்டும்.

இனி எஃபெக்ட்டுகள். பேஸுக்கு உண்மையில் தேவைப்படுபவை சிலவே, அவற்றில் முதலாவது, ஓங்கும் ஒலியை அமுக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரஸர். எம்எக்ஸ்ஆரின் எம்87 பெடலில் பத்துச் சின்ன விளக்குகள் வரிசையாக உள்ளன. ஒலி எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதை அவை கண்ணுக்கே காட்டும். ஸ்லாப்பில் கம்பியைச் சுண்டும்போது மட்டும் நான்கைந்து விளக்குகள் எரிந்து அணைந்தால் போதும். எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் வாசிப்பின் ஏற்ற இறக்கம் செத்துவிடும். இரண்டாவதாக, ஒலியைச் சற்றுச் சிதைத்து உறுமச் செய்யும் ஓவர்டிரைவ். லீட் கிட்டாருக்கான டியூப் ஸ்கிரீமர் போன்ற பெடல்கள் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதிக்கு டிரைவைக் குறைத்துவிடுவதால் பேஸின் உடல் மெலிந்துவிடுகிறது. ஹெல்சிங்கியின் டார்க்கிளாஸ் செய்த பி3கே போன்றவற்றில் சுத்த ஒலியையும் கலந்துகொள்ளும் பிளெண்ட் குமிழ் இருப்பதால் அடிப்பகுதி கலையாமல் நிற்கிறது. பேஸுக்கு டிரைவ் பெடல் வாங்கப் போகிறவர் பிளெண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால்கூடப் பாதித் தவறுகள் தவிர்ந்துவிடும். வாசிக்கும் சுரத்தோடு ஒரு ஸ்தாயி கீழான சுரத்தையும் சேர்க்கும் ஆக்டேவ் பெடல் சுவையானது, ஆனால் அடிக்கடி தேவைப்படாதது. பாஸ் (Boss) நிறுவனத்தின் பெடலாக 1982-இல் வந்த ஓசி-2 ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே பின்தொடரும். ஈ கம்பியின் கீழ்ச்சுரங்களில் தடுமாறும். எனவே அதை டிரைவுக்கு முன்னால் வைத்து, ஏ கம்பியிலிருந்து மேலே வாசிப்பது நல்லது.

தனிப் பெடல்களுக்கு எதிராக நிற்பது மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி. ஜூம் பி1 ஃபோர் நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்கும், ஒரே நேரத்தில் ஐந்து எஃபெக்ட்டுகளைத் தரும், ஹெட்போனில் தாளத்துடன் பயிற்சி செய்யவும் உதவும். கற்றுக்கொள்ளும் மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள பெட்டி எனக்குத் தெரியவில்லை. லைன் 6 நிறுவனம் 2018-இல் வெளியிட்ட எச்எக்ஸ் ஸ்டாம்ப் அதைவிடப் பல படிகள் மேலே. ஆம்ப், கேபினட் மாதிரிகளும் அதில் நம்பத்தகுந்தவை. ஆனால் இரண்டிலுமே மிக்ஸருக்குச் செல்லும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் இணைப்பு) வெளியீடு கிடையாது. தனி டிஐ பெட்டி ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். அதோடு, பாடல் நடுவே ஒலி மிகுந்துவிட்டால் தனிப் பெடலின் குமிழைக் கால்விரலாலேயே திருப்பிவிடலாம். மல்டி பெட்டியில் திரைக்குள் தேடிப் போவதற்குள் சரணம் முடிந்துவிடும். மேடைக்குத் தனிப் பெடல்கள், வீட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் மல்டி பெட்டி என்பது என் வழக்கம்.

வாங்கும் வரிசை பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இது: முதலில் டிஐ வெளியீடுள்ள ப்ரீஆம்ப் பெடல், அடுத்து டியூனரும் கம்ப்ரஸரும், அதன்பின் கேபினட், கடைசியில் ஹெட். கேபினட்டைச் சோதிக்கக் கடைக்குப் போகும்போது உங்கள் பேஸையே எடுத்துச் செல்லுங்கள். குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஈ கம்பியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக, ஒரே அழுத்தத்தில், மேடையில் வாசிக்கும் அளவு சத்தத்தில் வாசித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் வீங்கினாலோ காணாமல் போனாலோ, கடையின் வேறொரு மூலைக்குக் கேபினட்டை நகர்த்தி மறுபடி வாசியுங்கள். அங்கேயும் அதே சுரம்தான் கெடுகிறதென்றால் குறை அறையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.