கட்டில் தலைமாட்டில ஒரு தேத்தண்ணி மெசின்

எங்கட வீட்டில படுக்கையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறது காய்ச்சல்காரர் மட்டுந்தான். மற்ற ஆக்கள் கிணத்தடிக்குப் போய்ப் பல்லு விளக்கி, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்தால்தான் அம்மா ஊத்துவா. "பல்லு விளக்காத வாய்க்குத் தேத்தண்ணியோ?" எண்டு கேட்டால் கேட்டதுதான். அப்பிடி வளந்த நான் இப்ப ஐம்பத்தாறு வயசில, லண்டன் ஹரோவில, கட்டில் தலைமாட்டில மெசின் பூட்டித் தேத்தண்ணி குடிக்கிறன்.

மெசினுக்குப் பேர் டீஸ்மேட். அலாம் மணிக்கூடு, கேத்தில், டீபொட் மூண்டையும் ஒரு தட்டில ஒட்டவச்ச மாதிரி ஒரு சாமான். வெள்ளைக்காரக் கிழவன் கிழவியளுக்கு நல்லாத் தெரியும். எங்கட ஆக்களிட்ட கேட்டால் "அதென்ன ரேடியோவோ?" எண்டுவினம்.

நான் பஸ் ஓடுறன். காலமைச் சிப்ட் எண்டால் நாலரைக்கு எழும்ப வேணும். இந்த ஊர் வீடுகளில படுக்கை மேல, குசினி கீழ. மாசியில அந்த நேரம் ஹீட்டரும் போட்டிராது. இருட்டில படி இறங்கினால் மூண்டாம் படி கிறீச்செண்டும், நாய் எழும்பும், பிறகு முழு வீடும் எழும்பும். இதுக்காகத்தான், ஒரு சரிட்டிக் கடையில பன்னிரண்டு பவுணுக்கு இதைக் கண்டவுடன தூக்கிக்கொண்டு வந்தனான். பழசு. அடியில இருந்த பேர்த்தகடு தேஞ்சு போச்சுது, எந்தக் கொம்பனி எண்டு எனக்கே தெரியாது. வயரைப் பாக்கவே பயமா இருந்தது, கறண்ட் வேலை தெரிஞ்ச மச்சானைக் கொண்டு புது வயரும் பிளக்கும் போட்டிட்டுத்தான் தண்ணி விட்டது.

வேலை செய்யிற விதம் வடிவானது. கேத்திலுக்கு மூடி காத்துப் போகாமல் இறுகியிருக்கும். அதுக்குள்ள இருந்து ஒரு குழாய் டீபொட்டுக்குப் போகுது. தண்ணி கொதிக்க, ஆவிக்கு வெளியால போக வழியில்லை. அது தண்ணியைக் குழாயால தள்ளி டீபொட்டுக்குள்ள ஊத்துது. கேத்தில் வெறுமையாகிப் பாரம் குறைய, அடியில இருக்கிற சுவிச் மேல எழும்பிக் கறண்டை நிப்பாட்டும், அலாம் கத்தத் தொடங்கும். மோட்டரும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை.

இதுக்கு முன்னோடி இன்னும் விசேசம். பேர்மிங்காமில துவக்குச் செய்யிற ஃபிராங்க் கிளார்க் எண்டவர் 1902இல காப்புரிமை எடுத்தது. அதில மணிக்கூட்டில வச்ச நேரம் வர நெருப்புக்குச்சி தானா உரசி ஸ்பிரிட் அடுப்பைப் பத்தவைக்கும். நித்திரை கொள்ளுற மனுசன்ர தலைமாட்டில! துவக்குக்காரருக்கு ஆக்களை எழுப்ப வேற வழி தெரியேல்லைப் போல. மின்சாரத்தில வந்த பிறகுதான், 1930களுக்குப் பிறகு, கோப்ளின் கொம்பனி இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேத்தது.

இனி என்ர மெசின்ர கதை.

முதல் குறை சத்தம். கொதி வரேக்க மெல்லமா முனகும். பிறகு குழாயால தண்ணி போகேக்க, கிணத்தில இருந்து யாரோ வாந்தியெடுக்கிற மாதிரி ஒரு களகள. அதுக்குப் பிறகு அலாம். முதல் நாள் மனுசி திடுக்கிட்டு எழும்பி, "இஞ்சருங்கோ, பைப் வெடிச்சிட்டுது!" எண்டா. "இல்லையப்பா, தேத்தண்ணி. நீர் படும்" எண்டன். அவ கொஞ்ச நேரம் அதைப் பாத்துக்கொண்டிருந்திட்டு, "படி இறங்கிப் போனாலே சத்தம் குறைவு" எண்டா. அது உண்மை. இப்ப காலமைச் சிப்ட் வாரத்தில அவ மகளின்ர அறையில படுக்கிறா.

அடுத்தது மணிக்கூடு. பன்னிரண்டு மணித்தியால முள்ளு. நாலரை எண்டால் அதுக்குக் காலமையும் ஒண்டுதான், பின்னேரமும் ஒண்டுதான். ஒருநாள் நாளைக்கு எண்டு மத்தியானமே தண்ணியும் தேயிலையும் போட்டு, அலாமையும் நிப்பாட்டாமல் வச்சிட்டன். பின்னேரம் கீழ கோயில் ஆக்கள் வந்து அன்னதானக் கணக்குக் கதைச்சுக்கொண்டிருக்க, மேல ஒருத்தரும் இல்லாத அறையில இருந்து களகள, பிறகு ஒரு அலறல். அதில ஒரு அம்மா நெஞ்சில கையை வச்சிட்டா. போய்ப் பாத்தால் டீபொட் நிறையச் சுடச்சுடத் தேத்தண்ணி. அதையே கொண்டுவந்து ஊத்திக் குடுத்தது வேற கதை.

லண்டன் தண்ணியில சுண்ணாம்பு கூட. இரண்டு கிழமைக்கு ஒருக்கா விநாகிரி விட்டுக் கொதிக்க வைக்காட்டில் குழாய் அடைக்கும். அண்டைக்கு அறை முழுக்க ஊறுகாய் மணம்.

ருசி எப்பிடி? கேத்தில்ல காய்ச்சி ஊத்துற தேத்தண்ணிக்கு ஒரு படி கீழ. குழாயால வரேக்க சூடு கொஞ்சம் குறையுது எண்டு நினைக்கிறன். அதனால பெரிய இலை சரிவராது, எங்கட ஊர் பி.ஓ.பி.எஃப். எண்ட பொடித் தூள்தான் கெதியாச் சாயம் இறங்கும். ஆனால் அலாமை நிப்பாட்டிப்போட்டு இன்னொரு பத்து நிமிசம் சரிஞ்சீங்களோ, தேத்தண்ணி கசாயம். இலையை வெளியால எடுக்க ஒருத்தரும் வரமாட்டினம். நூல் கட்டின பை போட்டால் கையை நீட்டி இழுக்கலாம், ஆனால் அந்தப் பைத் தேத்தண்ணியில எனக்கு மனம் பிடிக்கிறேல்லை.

இதை வாங்கின வெள்ளைக்காரர் எல்லாருக்கும் இருந்த பெரிய தலையிடி பால். பச்சைப் பால் விட்டுத்தான் அவை குடிப்பினம். இரவு முழுக்கக் கட்டிலடியில பாலை வச்சால் என்ன ஆகும்? குளிர் காலம் தப்பும், ஆடியில தயிர். இல்லாட்டில் பாலெடுக்கக் கீழ இறங்க வேணும். பிறகு மெசின் என்னத்துக்கு? எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. பால்மாவும் சீனியும் கப்பில போட்டு மூடி வச்சால் காலமை ஊத்திக் கலக்கிறதுதான் வேலை. அதுவும் வேண்டாமெண்டால் வெறும் தேத்தண்ணி. நான் தமிழ்க் கடையில வாங்கின பனங்கட்டிக் குட்டான் ஒண்டை லாச்சிக்குள்ள வச்சிருக்கிறன். ஒரு கடி பனங்கட்டி, ஒரு முறடு தேத்தண்ணி. வெள்ளைக்காரன் தனக்கெண்டு செய்த சாமான் யாழ்ப்பாணத்தானுக்குத்தான் அளவாப் பொருந்தியிருக்குது.

பல்லு விளக்குற விசயம்? அதுக்கும் வழியிருக்கு. பாத்றூம் மேல, படுக்கை அறைக்குப் பக்கத்திலதான். முனகத் தொடங்கினவுடன எழும்பிப் போய் பல்லு விளக்கி, முகம் கழுவி, திருநீறும் பூசிக்கொண்டு திரும்பிப் போர்வைக்குள்ள பூரவும் அது கத்தவும் சரியா இருக்கும். அம்மா இருந்திருந்தாலும் ஊத்தித்தான் இருப்பா.

வாங்கலாமோ எண்டால், தனியப் படுக்கிற ஆக்கள், விடிய வேலைக்குப் போற ஆக்கள், படி இறங்க முழங்கால் விடாத ஆக்கள் வாங்கலாம். பக்கத்தில நித்திரை கொள்ளுற ஆள் இருந்தால் கேட்டிட்டு வாங்குங்கோ. புதுசும் விக்குது. பழசு எடுத்தால் கேத்தில் மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தை விரலால அமத்திப் பாருங்கோ. வெடிச்சிருந்தால் ஆவி அதாலயே போயிடும், தண்ணி டீபொட்டுக்குப் போகாது. கடைக்காரப் பிள்ளை "வேலை செய்யுது" எண்டு சொல்லும். அது மணிக்கூட்டைத்தான் சொல்லுது.