குழல் மாற்றிய கையோடு: 243 வின்செஸ்டர் பற்றி

"6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வந்த பிறகு கடையில் 243 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைஃபிள்களை விலை குறைத்துத் தள்ளுகிறார்கள். மானுக்கும் கயோட்டிக்கும் (ஓநாய் போன்ற சிறு விலங்கு) சேர்த்து ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா அண்ணா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட நேரம், என் 243-க்குப் புதுக் குழல் போட்ட பில் மேசையில் கிடந்தது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலை என்பது இந்தத் தோட்டாவோடு பிறந்த பேச்சு. 1955-இல் வின்செஸ்டர் நிறுவனம் 308 என்ற பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை 6 மில்லிமீட்டர் குண்டுக்குக் குறுக்கி இதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ரெமிங்டனும் 244 என்று ஒரு 6 மி.மீ. தோட்டாவை இறக்கியது. ஆனால் அதன் குழலில் புரி, அதாவது குண்டைச் சுழல வைக்கும் உட்புறத் திருகுக் கோடு, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சின்ன விலங்குகளைச் சுடும் இலேசான குண்டுகளை மனத்தில் வைத்துச் செய்தது அது. வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்ததால் 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) எடையுள்ள குண்டும் தடுமாறாமல் போனது. மான் வேட்டைக்காரர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 1963-இல் ரெமிங்டன் புரியை 9 அங்குலமாக்கி, பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நல்ல தோட்டா, பாவம்.

நான் சுடுவது டெக்சஸில், லானோ பக்கம். கிரானைட் பாறை, ஓக் மரம், ஊர்க்காரர்கள் சீடர் என்று சொல்லும் ஜூனிப்பர் புதர். இங்கே வெள்ளைவால் மானுக்குப் பெரிய உடம்பு கிடையாது. தோளுக்குப் பின்னால் 100 கிரெய்ன் குண்டு ஒன்று சரியாக இறங்கினால் போதும். இதை விடப் பெரிய தோட்டா வேண்டும் என்று ஒரு பருவத்திலும் எனக்குத் தோன்றியதில்லை.

எனக்கு இதில் இருக்கும் பெரிய சந்தோஷம் வேறு. சுட்ட பிறகும் மான் ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கும்! சுடும்போது தோளில் விழும் உதை 308-இன் உதையில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம் என்பதால் துப்பாக்கி எகிறிப் பார்வையை மறைப்பதில்லை. குண்டு எங்கே பட்டது, மான் எந்த இடைவெளியில் நுழைந்தது என்பதை நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஜூனிப்பர் புதருக்குள் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். 6 மி.மீ. குண்டு வெளியேறும் ஓட்டை சிறியது, சில நேரம் வெளியேறுவதே இல்லை. ரத்தத் தடம் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். ஓடிய திசையைப் பார்த்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே பிள்ளைகளுக்கு முதல் மான் துப்பாக்கியாக 243-ஐக் கொடுப்பதும் இந்தக் குறைந்த உதைக்காகத்தான். தோள் வலிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் அவர்களுக்கு வராது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஜனவரியில் கயோட்டிகள் இணை தேடும் காலம். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு 58 கிரெய்ன் வி-மேக்ஸ் என்ற இலேசான குண்டு, வினாடிக்கு 3,750 அடி வேகம். மானுக்கு 100 கிரெய்ன், 2,960 அடி. விளம்பரத்தில் இரண்டும் ஒரே துப்பாக்கியில் சுடக்கூடியவை. ஆனால் ஒரே ஜீரோவில், அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒத்துப்போகும் ஒரே அமைப்பில், இல்லை! 100 கிரெய்னுக்குச் சரி செய்துவிட்டு 58-ஐப் போட்டால், என் ரைஃபிளில் 100 கஜத்திலேயே இரண்டு அங்குலம் மேலேயும் இடது பக்கமாகவும் அடிக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் குழல் ஒவ்வொரு விதமாக அதிர்கிறது, அதைக் கணக்குப் போட்டுத் தவிர்க்க முடியாது. மான் பருவம் முடிந்ததும் ஸ்கோப்பின் குமிழைத் திருப்பி மறுபடி ஜீரோ, அடுத்த பருவத்துக்கு முன்னால் திரும்பவும் ஜீரோ. ஒவ்வொரு தடவையும் தோட்டாக்கள் வீண். துப்பாக்கியின் தோட்டா அறையில் 58 இருக்கும்போது காட்டுப்பன்றி எதிரில் வந்து நின்றால் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்தக் குண்டு தோள் எலும்பில் பட்டவுடன் உடைந்து சிதறிவிடும். விலங்கு காயத்தோடு தவிக்கும். அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

அப்புறம் குழல். 223 என்ற சிறிய தோட்டா ஒரு வேட்டுக்குச் சுமார் 25 கிரெய்ன் வெடிமருந்து எரிக்கிறது. 243-இல் அது 40 அளவுக்குப் போகும். அவ்வளவு மருந்தின் சூடும் 6 மி.மீ. ஓட்டைக்குள் பாய்ந்தால், அறைக்கு முன்னால் இருக்கும் எஃகு எத்தனை நாள் தாங்கும்? கன்ஸ்மித் உள்ளே கேமராவை விட்டுக் காட்டினார். புரி தொடங்கும் இடம் கோடையில் காய்ந்த ஏரிமண் போல வெடித்திருந்தது. ஒரு அங்குலத்துக்குள் சேர்ந்து விழுந்த குண்டுகள் மூன்று அங்குலத்துக்குப் பரவியதற்குக் காரணம் அதுதான். 243 குழலுக்கு 1,500 முதல் 2,500 வேட்டுதான் ஆயுள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். மானுக்கு மட்டும் என்றால் அது ஒரு ஆயுள் முழுக்கப் போதும். இலேசான குண்டை மாற்றி மாற்றிச் சுட்டு, ஜீரோவுக்கும் செலவழித்தால் போதாது. புல்வெளி நாய் (அணில் இனத்துச் சிறு விலங்கு) சுடுவதற்கு இதை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அங்கே ஆற விடாமல் சுடுவோம், குழல் அடுப்பாகிவிடும்.

நியாயமாகச் சொன்னால் இது 243-இன் குற்றம் மட்டும் இல்லை. 22-250 தோட்டாவும் குழலை வேகமாகத்தான் தின்னும். புதிதாக வந்த 6 மி.மீ. கிரீட்மூரும் இதில் மேல் என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றை யாரும் "வீட்டுக்கு ஒன்று போதும்" என்று சொல்லி விற்கவில்லையே!

அதனால் தம்பி, இந்த வாரம் கேட்டால் என் பதில் இதுதான்: இரண்டு வேலைக்கும் சேர்த்து என்றால் 243 வாங்க வேண்டாம். கயோட்டிக்கு ஒரு 223 போதும், தோட்டாவும் மலிவு. மானுக்கு 308-ஓ நீங்கள் சொன்ன 6.5-ஓ வாங்கிக்கொள்ளுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு மானுக்கு மட்டும் போவதாக இருந்தால், யோசிக்காமல் அந்தத் தள்ளுபடி 243-ஐ எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் நான் போட்டிருக்கும் புதுக் குழலும் 243-தான். புரி மட்டும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. செம்புக் குண்டு அதே எடையில் ஈயக் குண்டை விட நீளமாக இருக்கும், வேகமான புரி அதற்குத் தோதானது. இனிமேல் எல்லாவற்றுக்கும் 80 கிரெய்ன் பார்ன்ஸ் செம்புக் குண்டு ஒன்றுதான். 3,350 அடி வேகம், உடையாமல் விரிந்து உள்ளே போகும், கயோட்டியின் தோலையும் அவ்வளவாகக் கிழிக்காது. கொலராடோவுக்கு ம்யூல் மானுக்குப் போனாலும் அங்கே சட்டம் கேட்கும் 70 கிரெய்னைத் தாண்டிவிடும். எல்க் என்ற பெரிய மானுக்கு 85 கேட்கிறார்கள், எல்க்குக்கு நான் இதைத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன். விலை அதிகம்தான், ஒரு பெட்டி வாங்கும்போது கை தயங்குகிறது. ஆனால் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் பருவம் தொடங்குவதற்குள் 200 கஜத்துக்கு ஜீரோ செய்துவிட்டால், ஜனவரியிலும் அந்தக் குமிழைத் தொட வேண்டியதில்லை.