போராட்ட வடிவம் தேர்வு: இரண்டு நாள் பயிற்சி முகாம், என் அனுபவம்

பன்னிரண்டு வருடமாகச் சங்க வேலை பார்க்கிறேன். எந்தப் பிரச்சினை வந்தாலும் எங்கள் கூட்டத்தில் முதல் குரல் "ஆர்ப்பாட்டம் அறிவிச்சிடலாம்" என்பதுதான். உடனே தேதி, மைக் செட், பேனர் என்று பேச்சு ஓடிவிடும். அந்தப் பழக்கத்தில் கை வைத்ததற்காகவே இந்த முகாமைப் பரிந்துரைக்கிறேன்.

முதல் நாள் காலை, பயிற்சியாளர் தரையில் சாக்பீஸால் அரைவட்டம் போட்டு ஐந்தாகப் பிரித்தார். ஒரு ஓரம் நம்மோடு நிற்பவர்கள், மறு ஓரம் நேர் எதிரிகள், நடுவில் எந்தப் பக்கமும் சேராதவர்கள். நான் எடுத்துக்கொண்டது எங்கள் சம்பளப் பாக்கிப் பிரச்சினை. அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் சீட்டில் எழுதி வைக்கச் சொன்னார். மேற்பார்வையாளர்களை எதிரி ஓரத்தில் வைத்தேன். "தோழர், அவங்களுக்கும் சம்பளம் பாக்கிதானே?" என்றார் பக்கத்தில் இருந்தவர். சீட்டை நடுவுக்கு நகர்த்தினேன். நாங்கள் திட்டமிட்டிருந்த கேட் மறியலில் முதலில் மாட்டியிருப்பது அவர்கள்தான். அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை.

உதாரணங்களை நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1983 மே மாதம், ராணுவ ஆட்சியில் இருந்த சிலியில் செம்புச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ராணுவம் சுரங்கங்களைச் சூழ்ந்தது. ரத்தம் சிந்தும் என்று தெரிந்ததும் தலைவர்கள் வடிவத்தையே மாற்றினார்கள்: மெதுவாக நடங்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், இரவு எட்டு மணிக்குப் பாத்திரத்தைத் தட்டுங்கள். பயந்து கிடந்தவர்களுக்குத் தெருவே தன்னோடு இருப்பது காதில் கேட்டது. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் நிறவெறியை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது பலருக்கும் தெரியும். 1955 டிசம்பர் 5 அன்று அது ஒரு நாள் புறக்கணிப்பாகத்தான் தொடங்கியது. பேருந்துகள் காலியாக ஓடியதைப் பார்த்த பிறகே, அன்று மாலைக் கூட்டத்தில் தொடர முடிவெடுத்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்பதால் அடி நேராகக் கல்லாவில் விழுந்தது. சின்னதாகச் செய்து பார்த்துப் பெரிதாக்குவது என்று என் நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

மாலையில் ஒத்திகை. ஒருவர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி ஐந்து நிமிடம் திட்டினார். நடிப்பென்று தெரிந்தும் என் கை தானாக மேலே எழுந்தது. உட்கார்ந்து போராடுவதற்கு ஆள் சேர்த்தால் மட்டும் போதாது, பழக்கவும் வேண்டும் என்று அங்கேதான் பிடிபட்டது.

குறையும் உண்டு. வன்முறையற்ற போராட்டங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜீன் ஷார்ப் தொகுத்த 198 போராட்ட வடிவங்களைத் திரையில் வேகமாக ஓட்டியதில் ஒரு மணி நேரம் வீணாகப் போனது. அதைவிடப் பெரிய குறை, போராட்டத்தை எப்போது, எப்படி வாபஸ் வாங்குவது என்று ஒரு வார்த்தைகூடப் பேசாதது. போன வருடம் எங்கள் வேலைநிறுத்தம் உடைந்தது அந்த இடத்தில்தான். அடுப்பெரியாத வீடுகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். கேட்டபோது "அது அடுத்த முகாமில்" என்றார்கள்.

போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். உங்களோடு எப்போதும் முரண்படும் ஒருவரையாவது கூட்டிப் போங்கள். நான் தனியாகப் போய் வந்ததால், அந்த ஒரு சீட்டை ஏன் நகர்த்தினேன் என்று செயற்குழுவுக்குப் புரியவைக்கவே மூன்று கூட்டம் ஆனது.